சிக்கனக்காரர் வீணடித்த வருடம்

எங்கள் சலவைக் கடையில் என் கணவருக்கு இரண்டு வேலை. ஒன்று சுவிட்சை அணைப்பது, இன்னொன்று மெஷின் மேல் உட்காருவது. மெஷின் கிழடு. துணி பிழிய ஆரம்பித்தால் குதித்துக் குதித்து வாசல் வரை போய்விடும். இவர் ஏறி உட்கார்ந்தால்தான் அடங்கும். அந்த ஆட்டத்தில் இடுப்பு போய்விட்டது. இனியும் ஏறினால் நடக்க முடியாமல் போகும் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். புது மெஷின் வாங்க எங்களுக்கு வக்கில்லை.

தெருவில் அவர் பெயரே 'சுவிட்ச்'. நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே லைட்டை அணைப்பார். கேட்டால், "வெளியே இருக்கிற வெளிச்சம் போதும்" என்பார். இருட்டில் கறுப்புச் சட்டையையும் கருநீலச் சட்டையையும் மாற்றிக் கொடுத்து நான் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

அதற்கு முந்தின வருடமே, பூமி சூடாகிறது என்று மாநகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. கரண்டை மிச்சம் பிடிக்கும் கடைகளுக்குப் புது மெஷினோ ஏசியோ இலவசம். மாநிலத்திலேயே அதிகம் மிச்சம் பிடிப்பவர் என் வீட்டில்தான் இருக்கிறார் என்று நானும் எழுதிப் போட்டேன்.

பார்வையிட வந்த பெண், தட்டுத்தடுமாறித்தான் உள்ளே நுழைந்தாள். சுற்றிப் பார்த்தாள். முகம் தொங்கிவிட்டது.

"அக்கா, போன வருஷத்தைவிட அஞ்சுல ஒரு பங்கு குறைச்சிருக்கணும். இங்க குறைக்க என்ன இருக்கு?"

குடிக்காதவன் குடியை எப்படி நிறுத்துவான்? பக்கத்துக் கடை என் கொழுந்தனுடையது. மெத்தை விற்கிறான். பட்டப்பகலில் கடை முழுக்க விளக்கெரிப்பவன், போன வருடம் பாதியை அணைத்தான். அவனுக்குப் புது ஏசியும், 'பசுமைக் கடை' என்று ஒரு பலகையும் கொடுத்தார்கள். பலகை எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று அதற்கு மேல் ஒரு பல்பு போட்டிருக்கிறான். அது அணைவதே இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. "ஏம்மா, இந்த வருஷம் கண்டபடி எரிச்சிட்டு, அடுத்த வருஷம் குறைச்சா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். "அப்படிச் செய்யக்கூடாதுன்னு விதி எதுவும் இல்லக்கா" என்றாள்.

அன்றைக்கே எல்லா சுவிட்சையும் போட்டேன். கொழுந்தன் தன் பழைய ஏசியைத் தூக்கிவந்து மாட்டினான். "சும்மாத்தான் கிடக்கு அண்ணி" என்றான், பெரிய வள்ளல் மாதிரி. என் கணவர் துடித்துப்போனார். எரிகிற லைட் வீணாகக் கூடாதென்று அதன் கீழே போய் நின்று பழைய பேப்பரைப் படித்தார். ஏசி ஓடும்போது வெளியே போகமாட்டார், காற்று வீணாகிவிடுமாம்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருடையது ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. முதலில் சட்டைக் கறைகள் கண்ணில் பட்டன. அப்புறம் நான். "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்றார் ஒருநாள். கோபப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை. அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது. மத்தியானத்தில் ஏசிக்கு நேரே காலை நீட்டிக் குறட்டை விட்டார். சுவிட்ச் பக்கம் கையே போகவில்லை.

வருடம் முடிந்தது. இனி குறைக்க வேண்டும். ஏசியைப் போர்வையால் மூடினேன், லைட்டை அணைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு எரியட்டுமே" என்றார்.

"உங்க இடுப்பு வேணுமா, லைட்டு வேணுமா?"

மெஷின் மேல் ஏறிக்கொண்டார். அவர் எழுந்து லைட்டைப் போட்டால் நான் போய் அணைப்பேன். இப்படியே அந்த வருடத்தையும் ஓட்டினோம். தெருவில் இப்போது என்னைத்தான் 'சுவிட்ச்' என்கிறார்கள்.

புது மெஷின் வந்தது, கூடவே பலகையும். அதே பெண் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இதே மாதிரி இருங்க சார். கரண்டு கூடிச்சுன்னா மெஷினைத் திருப்பி எடுத்துக்குவாங்க."

மெஷின் ஆடவில்லை, அசையவில்லை. ஓடுகிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவர் பலகையைச் சுவரில் மாட்டினார். இருட்டில் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"தம்பி கடை மாதிரி இதுக்கும் ஒரு பல்பு போடலாமா?" என்று கேட்டார். ஆசையாகக் கேட்டார்.

"வெளியே இருக்கிற வெளிச்சம் போதும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய், ஆடாத மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தார்.