மூன்று விரல் உயரம்

சூரியன் மறைய வேண்டிய நேரம் ஆறு மணி இருபத்தாறு. பிறை அதற்குப் பின் முப்பத்தொரு நிமிடம் மேற்கில் நிற்கும். ஷிஹானா இரண்டையும் காலையிலேயே கணித்துக் கைபேசியில் குறித்து வைத்திருந்தாள். அவற்றுக்குக் கீழே மூன்றாவது நேரம் ஒன்றும் இருந்தது. ஏழு முப்பது. அது கூட்டத்துக்கு. ஐரோப்பாவில் அப்போது பிற்பகல் மூன்று மணியாக இருக்கும்.

நோன்பு இருபத்தொன்பது. வாப்பா அஸர் தொழுத கையோடு வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக வாசலில் கதிரை போட்டு இருந்துவிட்டார். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இடது கண்ணுக்கு இன்னும் திகதி வரவில்லை. சிலாவத்துறைக் கரையில் தலைப்பிறை என்றால் ஒரு காலத்தில் வாப்பா பக்கீரைத்தான் கேட்பார்கள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த இருபது வருடமும் அங்கேயும் அவரைத்தான் கேட்டார்கள். கடந்த இரண்டு வருடமாக எவரும் கேட்பதில்லை. பள்ளிவாசல் செயலாளர் ஹில்மி மரியாதையாகத்தான் ஒதுக்கினார். "நீங்க கஷ்டப்பட்டு வராதீங்க நானா, மணல் புதையும்." வாப்பா இதை ஷிஹானாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். மூன்று தடவையும் மணலைத்தான் ஏசினார்.

ஐந்தரைக்கு நிரூபன் அங்கிருந்து அழைப்பு எடுத்தான். மாந்தைக்கு அங்கால் வயல் செய்கிற குடும்பம் அவனுடையது. திருக்கேதீஸ்வரத்துக்கு நடந்து போகிற தூரம். இருவரும் ஒருவரையொருவர் முதலில் கண்டது ஐரோப்பாவில், ஒரு மலைச் சுரங்கத்துக்குள், தலைக்கவசத்தோடு.

"என்ன, பிறை கண்டாச்சோ?"

"இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு."

"நாளைக்குப் பெருநாளோ இல்லையோ எண்டு பின்னேரம் வரைக்கும் தெரியாத சனம். உங்களை நம்பி நான் ஆறு வருசத்தைக் குடுத்திருக்கிறன்."

"ஓம், உங்கட அம்மா நல்ல நேரம் பாக்காம உங்களை பிளேன் ஏற விட்டவவோ?"

நிரூபன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சுவேதினி ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. எனக்கு யூனோட ஒப்பந்தம் முடியுது. எங்களுக்குப் பிள்ளை யூலையில. இண்டைக்கு ஏதும் தெரிஞ்சால்தான் அவங்கள் நீட்டுவாங்கள்." அதே மூச்சில் கேட்டான். "உங்களுக்கு என்ன தோணுது? எத்தினை இருக்கும்?"

"திறந்தாத்தான் தெரியும்."

"நான் மூண்டு எண்டு பந்தயம் கட்டியிருக்கிறன்."

நான்கு. அது ஷிஹானாவுக்கு மட்டும் தெரியும்.

அவர்கள் தேடுவது ஒரு சிதைவை. ஜேர்மானியம் என்ற தனிமத்தின் படிகங்களை மலைக்கடியில் கடுங்குளிரில் தொங்கவிட்டு, அவற்றில் ஒரு அணுவாவது ஒரு குறித்த விதமாகச் சிதைகிறதா என்று ஆறு வருடமாகப் பார்க்கிறார்கள். சிதைந்தால் அதன் சக்தி ஒரு ஒடுங்கிய எல்லைக்குள் விழும். அந்த எல்லைக்குள் என்ன விழுந்திருக்கிறது என்று எவரும் பார்க்கக்கூடாது. கணினி மறைத்து வைத்திருக்கும். எதை எடுப்பது, எதைக் கழிப்பது என்ற அளவுகள் எல்லாவற்றையும் தீர்மானித்துக் கையெழுத்திட்ட பிறகு, நாள் குறித்து, எல்லோரும் கூடியிருக்கத் திறப்பார்கள். அதைப் பெட்டி என்பார்கள். முன்னாலேயே பார்த்த மனம் பார்த்ததைக் காப்பாற்றத் தொடங்கிவிடும். அதனால்தான் அந்தக் கட்டுப்பாடு. புதிதாக வருகிறவர்களுக்கு அதை விளக்கிச் சொல்வதே ஷிஹானாதான்.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை பழைய கோப்பு ஒன்றிலிருந்து ஒரு நிரலை ஓட்டினாள். மறைக்கச் சொல்லும் வரி எழுதப்படுவதற்கு முந்திய நிரல் அது. திரையில் வெறுமையாக இருக்க வேண்டிய பட்டையில் நான்கு புள்ளிகள் இருந்தன. உடனே மூடினாள். எண்ணாமல் மூடியிருக்கலாம். ஆனால் நான்கை எண்ணத் தேவையில்லை. கண் பட்டவுடன் தெரிந்துவிடும்.

அன்றே சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். இப்படியான தவறுகளைச் சொல்வதற்கென்று ஒரு படிவமே உண்டு. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள், நேற்று ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நவம்பரில் ஓர் அளவைச் சற்றுத் தளர்த்தலாம் என்று முன்மொழிந்தாள். பழைய அளவில் நல்ல நிகழ்வுகளும் கழிபட்டுப் போகின்றன என்று ஆறு பக்கத்தில் காரணம் எழுதினாள். காரணங்கள் சரியானவை. எவரும் மறுக்கவில்லை. காரணம் முந்தியதா, புள்ளிகள் முந்தியவையா என்று தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பதில் வந்தது. ஒரே தரவை இரண்டு பேர் தனித்தனியாக ஆராய வேண்டும் என்பது இன்னொரு கட்டுப்பாடு. மற்றவன் நிரூபன். டிசம்பரில் அவன் வந்து, "நீங்கள் சொன்ன மாதிரித் தளர்த்திப் பாத்தன். எனக்கும் அப்பிடித்தான் வருது" என்றான். சந்தோசமாகச் சொன்னான்.

இப்போது சொன்னால் இன்று பெட்டி திறக்காது. ஆறு வருடத் தரவு சந்தேகத்துக்குரியதாகிவிடும். புதிதாக இரண்டு வருடம் சேர்க்க வேண்டும். நிரூபனுக்கு யூன் வரைதான். அவளுக்குக் கிடைக்கவிருந்த நிரந்தர இடமும் போகும். சொல்லாவிட்டால் அந்த நான்கு புள்ளிகளை உலகம் கொண்டாடும். அவை உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் அவளைத் தின்றது. ஒக்டோபரில் நடந்ததைக் கூட்டத் தலைவிக்குக் காலையில் மூன்று வரியில் எழுதி வைத்திருந்தாள். அனுப்பவில்லை.

அஸ்மி ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். மாமி மகன். விடிய வள்ளம், பின்னேரம் ஓட்டோ. "மாமா, ஏறுங்க. மணல் புதைஞ்சா நான் தூக்கிட்டுப் போறன்."

"உன்னைத் தூக்கினவன்டா நான்" என்றார் வாப்பா.

கரையில் இருபது பேர் மட்டில் நின்றார்கள். பெண் என்று ஷிஹானா மட்டும்தான். வாப்பா அவளுடைய முன்கையைப் பிடித்தபடி, ஆட்களிடமிருந்து விலகி, இழுத்து வைத்திருந்த வள்ளம் ஒன்றின் அருகே நின்றார். அஸ்மியும் கூட நின்றான். ஹில்மி தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். காற்று இல்லை. கடலுக்கு மேலே மெல்லிய மேகம் ஒன்று நீளமாகக் கிடந்தது. சூரியன் அதற்குள் இறங்கி, மங்கி, கடலைத் தொடுமுன்னமே நிறம் கெட்டுப்போயிற்று. யாரோ ஒருவரின் கைபேசியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. வாப்பா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். தண்ணீரைக் குடிக்கும்போதும் கண்ணை மேற்கிலிருந்து எடுக்கவில்லை.

"மகள், உன்ட போன்ல எந்த இடம் எண்டு போட்டிருக்கும், என்ன?"

"வாப்பாக்கு அது தேவையில்லையே."

"தேவையில்லத்தான். சும்மா கேக்கிறன்."

அவர் இப்படிக் கேட்டதே இல்லை. மற்றவர்களுக்குக் காட்டித்தான் பழக்கம். ஷிஹானா கையை நேரே நீட்டி, மூன்று விரலைப் படுக்கையாகக் கடலின் விளிம்பில் வைத்தாள். "இந்த உயரம் வாப்பா. மேகத்தின்ட நுனிக்கு இடப்பக்கம்." அப்போது ஆறரை.

அவளும் அந்த இடத்தைப் பார்த்தாள். வானம் சாம்பலாகவும் சற்று மஞ்சளாகவும் இருந்தது. ஒன்றும் இல்லை. ஆறு நாற்பதுக்கும் ஒன்றும் இல்லை. கண்ணை மூடித் திறந்தால் எங்கும் கோடுகள் தெரிந்தன. பார்க்கும் பக்கமெல்லாம் அவையும் நகர்ந்தன.

ஆறு நாற்பத்தாறுக்கு வாப்பா அவளுடைய கையை இறுக்கினார். "அந்தா."

"எங்க?"

"அந்தா மகள். நூல் மாதிரி." நீட்டிய விரல் அசையவில்லை.

அஸ்மி அவருடைய தோளோடு தலையைச் சாய்த்து விரலின் வழியே பார்த்தான். "ஓம் மாமா! ஓம், தெரியுது! அல்லாஹு அக்பர்!"

ஷிஹானா வாப்பாவின் விரலைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். பதினாறு நிமிடத்தில் பிறை இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும். வாப்பாவின் விரல் அவள் காட்டிய இடத்திலேயே நின்றது. மேகத்தின் நுனிக்கு இடப்பக்கம். மூன்று விரல் உயரம்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். மற்ற எவருக்கும் தெரியவில்லை. ஏழு மணிக்கு மூன்று நிமிடம் இருக்க, இனிப் பார்த்தும் பயனில்லாமல் போயிற்று. ஒருவர் வாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருவர், "பக்கீர் நானாவை விட்டிட்டு வந்தா இப்பிடித்தான்" என்று ஹில்மிக்குக் கேட்கத் தக்கதாகச் சொன்னார். வாப்பாவின் முகம் இரண்டு வருட வாட்டத்திலிருந்து மீண்டிருந்தது.

ஹில்மி கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். கொழும்பில் இருக்கிற பிறைக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும். "நானா, உங்கட கண்ணாலதானே கண்டீங்க?"

"பிறகு உன்ட கண்ணாலயா?"

சிரிப்பு எழுந்தது. ஹில்மியும் சிரித்தார். அஸ்மியையும் கேட்டார். அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யவே தயாராக நின்றான். இரண்டு சாட்சி. போதும். ஹில்மி இலக்கத்தை அழுத்தப் போனவர் நிறுத்தி, ஷிஹானாவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இதுல பொம்பிளைட சாட்சி எடுபடாது. அது உங்களுக்கும் தெரியும். ஆனா நீங்க இதுகளப் படிச்ச ஆள், பக்கத்திலயும் நிண்டனீங்க. அங்க துருவித் துருவிக் கேப்பாங்க. நீங்களும் ஓமெண்டதா நான் சொல்லலாந்தானே?"

வாப்பாவின் கை இன்னும் அவளுடைய முன்கையில் இருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"இடத்தை நான்தான் காட்டினனான்" என்றாள் ஷிஹானா.

"அது பரவாயில்லயே. காட்டிப் பாக்கிறதுதானே."

"நான் காட்டின இடத்தத்தான் வாப்பா காட்டினாங்க. அந்த நேரத்துக்குப் பிறை அங்க இல்ல. கீழ இறங்கிட்டுது."

ஹில்மி அவளையும் வாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். கைபேசியை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டார். "சரி தங்கச்சி. எங்கட கரையில காணல்ல எண்டு சொல்லிடுறன்." யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பதை விட மோசமாக இருந்தது. வாப்பா அவளுடைய கையை விட்டுவிட்டு, ஓட்டோ நின்ற பக்கம் தனியாக நடந்தார். மணல் புதைந்தது. அவர் யாரையும் பிடிக்கவில்லை.

வழியில் அஸ்மிதான் பேசினான். "எனக்கும் என்னமோ தெரிஞ்சதுதான் மச்சி. கொக்கோ தெரியா." பின்னால் திரும்பிப் பார்த்தான். "இன்னொரு நோன்பு கிடைச்சா நன்மைதானே மாமா." வாப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கண்ணிலிருந்து நீர் வடிந்தது. அந்தக் கண்ணில் எப்போதும் வடியும்.

கைபேசியில் நிரூபனின் செய்தி இருந்தது. 'எல்லாரும் வந்திட்டினம். கேக் கூட வாங்கியிருக்கினம்.' அதற்கு மேலே தலைவிக்கு அவள் எழுதிய மூன்று வரி, இன்னும் அனுப்பாமல்.

வீட்டுக்கு வரும்போது ஏழு இருபத்தைந்து. சாப்பாட்டு மேசையில் கஞ்சிக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். முகங்கள் ஒவ்வொன்றாகச் சதுரம் சதுரமாக வந்தன. நிரூபன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். ஒருநாளும் கட்டியதில்லை. அவளைக் கண்டதும் கையை ஆட்டினான். தலைவி இன்னும் தொடங்கவில்லை. யாரோ கதிரை இழுக்கும் சத்தம் கேட்டது.

வாப்பா தொப்பியைக் கழற்றாமல் அறை வாசலில் வந்து நின்றார். திரையையும் அதிலிருந்த முகங்களையும் வலது கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலில் கோபம் இருக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"உன்ட ஆக்களுக்கும் நீ இப்பிடித்தான் உள்ளதச் சொல்லுறனீயா, மகள்?"