வீட்டில் என்ன சோப்பு

முதலுதவி அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் இசக்கிசெல்வி இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களை மடக்கினால் கணுக்களில் தோல் வெடித்தது. நீட்டி வைத்தால் நுனிகள் எரிந்தன. பாதி மடக்கி, எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பவளைப் போல வைத்திருப்பதுதான் தோதாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைன் ஓடிக்கொண்டிருந்தது.

கார் மீட்டருக்குள் போகும் சர்க்யூட் போர்டுகள் அங்கே தயாராயின. சால்டரிங் முடிந்து வரும் போர்டில் பழுப்பாகப் பசை படிந்திருக்கும். பிரஷ்ஷைத் திரவத்தில் நனைத்துத் தேய்த்து, துணியால் ஒற்றியெடுத்து அடுத்த மேசைக்குத் தள்ளுவது இசக்கிசெல்வியின் வேலை. அந்தத் திரவத்தை எல்லோரும் கிளீனர் என்றார்கள். பெரிய கேனில் அதன் பெயரும் எச்சரிக்கையும் ஒட்டியிருக்கும். மேசைக்கு வருவது சின்ன பாட்டிலில் ஊற்றித்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்காது. கொடுக்கும் கையுறையின் விரல் நுனி அந்தத் திரவம் பட்டு இளகி, சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே கிழிந்துவிடும். புதிது கேட்டால் நாளைக்கு என்பார்கள்.

டாக்டர் அவள் கைகளைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"வீட்ல என்ன சோப்பு போடுறீங்க?"

சொன்னாள்.

"துணிக்கு? பாத்திரத்துக்கு?"

அதையும் சொன்னாள்.

"எல்லாம் கெமிக்கல். அதான்."

"சார், லைன்ல கிளீனரு தொடுதேன். அது பட்டாத்தான் ரொம்ப எரியுது."

"அதை எல்லாரும்தானே தொடுறாங்க? உங்களுக்கு ஸ்கின் சென்சிடிவ். வீட்ல இருக்கற அத்தனையும் மாத்துங்க. வாசனை சேர்த்தது எதுவும் வேணாம். இயற்கையானதுக்கு மாறுங்க, சரியாயிடும்."

ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினார்.

பென்னலூரில் பாப்பம்மாள் வீட்டு மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறை. இசக்கிசெல்வியும் ஜோதியும் அதில் இருந்தார்கள். ஜோதிக்குக் கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் வேலை. வந்த நாள் முதல் இருவருக்கும் ஒரே சோப்பு டப்பா, ஒரே பவுடர். லீவு நாளில் மாடித் தொட்டியடியில் உட்கார்ந்து, கணுக்கால் வரை நுரை பொங்கத் துணி துவைப்பார்கள். துவைத்து முடிந்ததும் மல்லிகை வாசனை ஷாம்பு பாக்கெட்டைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தேய்த்துக்கொள்வார்கள். ஈரத் தலையோடு வெயிலில் உட்கார்ந்து பேசும் அந்த நேரத்துக்காகவே இசக்கிசெல்வி வாரம் முழுவதும் காத்திருப்பாள்.

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் ஜோதிதான் அவளை ஸ்ரீபெரும்புதூரில் நாட்டு மருந்துக் கடைக்குக் கூட்டிப் போனாள். சீயக்காய், பயத்தமாவு, துணிக்குப் பூந்திக்கொட்டை.

"கெழவி மாரி ஆயிட்ட போ," என்று சிரித்தாள் ஜோதி. பூந்திக்கொட்டையை உடைத்து ஊறப்போட்டதும் அவள்தான். கொட்டை உடைக்க இசக்கிசெல்வியின் விரல்கள் இடம் கொடுக்கவில்லை.

ஊறிய தண்ணீர் புளித்து நாறியது. மறுநாள் பாப்பம்மாள் படியேறி வந்தாள்.

"இன்னாமா ஊத்துறீங்க? கீழ பாத்ரூம்ல சக்கை அடைச்சிக்கினு தண்ணி போவாம நிக்கிது."

"கையில புண்ணு, அக்கா. அதான் சோப்ப மாத்திருக்கேன்."

பாப்பம்மாள் கையைப் பார்த்தாள். பிறகு ஓரடி தள்ளி நின்றாள். "ஒட்டிக்காதே?" என்று கேட்டாள்.

"ஒட்டாது, அக்கா."

கை ஆறவில்லை. அடுத்து பினாயிலை நிறுத்தி, தரையை உப்புத் தண்ணீரில் துடைத்தாள். பவுடர் போடுவதை விட்டாள். நகப்பூச்சை ஜோதியிடம் கொடுத்துவிட்டாள். கொசுவர்த்திப் புகையும் ஆகாது என்று யாரோ சொல்ல, அதையும் வேண்டாம் என்றாள். ஏரித் தண்ணீர் தேங்கும் ஊர் அது. ஜோதியின் கை கால் எல்லாம் தடித்தது. கம்பெனியில் தூக்கம் சொக்கி ஊசி விரலில் ஏறியது.

"நான் வேணா கொசுவர்த்திய வாசல்ல வைக்கேன் செல்வி," என்றாள்.

"வையேன். நான் வேணாம்னா சொல்லுதேன்?"

வைத்தும் புகை உள்ளேதான் வந்தது. இசக்கிசெல்வி இருமினாள். ஜோதி எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து படுத்தாள்.

ஒருநாள் குளியலறையில் புதிதாக ஒரு நீல மக் இருந்தது. அதன் பிடியில் ஜோதி தன் ரிப்பனைக் கட்டியிருந்தாள். இசக்கிசெல்வி பழைய மக்கை எடுத்துக் குளித்தாள். மாதம் முடியும்போது, கம்பெனி ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஜோதி பெட்டியைக் கட்டினாள்.

"பஸ்ஸு வாசலுக்கே வருது, அதான். வேற ஒண்ணுமில்லட்டி. லீவு நாள்ல வந்துருவேன்."

"தெரியும். போய்ட்டு வா."

கீழே ஆட்டோ நின்றது. பெட்டியை இறக்க இசக்கிசெல்வி கை கொடுத்தாள். ஜோதி பிடியின் மறு ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு அறையில் எந்த வாசனையும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தால் சீயக்காய்ப் பொடியின் மண் வாடை மட்டும் அடித்தது. ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, உப்பும் சாம்பலும் போட்டு ஒரு தட்டைக் கழுவினாள். லீவு நாளில் தனியாக உட்கார்ந்து நுரை வராத தண்ணீரில் துணி அலசினாள். கை மட்டும் அப்படியே இருந்தது.

சாத்தான்குளத்தில் அக்காவுக்கு வளைகாப்பு வந்தது. பத்து நாள் லீவு கேட்டுப் போனாள். வீடு நிறைய ஆட்கள். அண்டா அண்டாவாகப் பாத்திரம் விழுந்தது. யாரும் எதையும் விசாரிக்க நேரமில்லை. கிடந்த சோப்புக்கட்டியை எடுத்துக் கழுவினாள். அம்மா வைத்திருந்த நீலக்கட்டியில் துவைத்தாள். வாசனை தூக்கும் சிவப்புச் சோப்பில்தான் குளித்தாள். ஊரிலிருந்து கிளம்பி, சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போதுதான் கவனித்தாள். பையின் வாரை முழுக்கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் மடங்கின. வலிக்கவில்லை.

உடனே ஜோதியை அழைத்தாள்.

"ஜோதி, கை ஆறிட்டு! சோப்பு இல்லட்டி, சோப்பே இல்ல..."

"ஏ, லைன்ல நிக்கேன். ஓவர்டைம். பொறவு பேசுதேன், என்ன?"

ஜோதி பிறகு பேசவில்லை.

வேலைக்குத் திரும்பிய அதே வாரத்தில் நுனிகள் சிவந்தன. சூப்பர்வைசர் பாபுவிடம் போய் நின்றாள். படப்பைக்காரர். கத்தமாட்டார் என்பதால் பெண்கள் அவரிடம் பேசுவார்கள்.

"அண்ணே, ஊர்ல எல்லா சோப்பும் போட்டேன். கை நல்லா ஆறிட்டு. இங்க வந்து கிளீனரத் தொட்டதும் திரும்ப வருது."

பாபு சுற்றிலும் பார்த்தார்.

"மெதுவா பேசு. வூட்டு சோப்புன்னு டாக்டரு எழுதிட்டாரு. இப்ப நீ கிளீனர்னு சொன்னா, உன் உடம்புக்கு இந்த வேல ஒத்துக்காதுன்னு கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுருவாங்க. நீ காண்ட்ராக்ட்டும்மா."

"வேற டேபிளு தாங்களேன்."

"எச்ஆர்ல பேசறேன். உன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லி வக்கிறேன்."

சில நாளில் எச்ஆர் சந்திரலேகா கூப்பிட்டனுப்பினாள். மேசை மாற்றத்தான் என்று இசக்கிசெல்வி நினைத்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

"வாங்க செல்வி! வீட்ல எல்லாமே நேச்சுரலா மாத்திட்டீங்களாமே, பாபு சொன்னாரு. சூப்பர்! அடுத்த வாரம் நம்ம சுற்றுச்சூழல் விழா. 'நச்சில்லாத வீடு'தான் தலைப்பு. நீங்க மேடைல பேசணும்."

"மேடம், மாத்தினேன். ஆனா கை..."

"ஊருக்குப் போயிட்டு வந்தப்ப நல்லாயிடுச்சாமே?"

"ஊர்ல நல்லாச்சு மேடம். இங்க கிளீனரு..."

சந்திரலேகாவின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. "உங்க காண்ட்ராக்ட் ரினிவல் இந்த மாசம்தானே? அது என்கிட்டதான் வரும். நல்ல நேரத்துல வேற பேச்சு எதுக்கு? ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்."

விழாவன்று கேன்டீனில் மேசைகளை ஒதுக்கி மேடை போட்டிருந்தார்கள். பச்சை பேனர். வந்திருந்த பெரியவர்கள் சமையலறை பற்றியும் குளியலறை பற்றியும் பேசினார்கள். பெண்கள் வீட்டை மாற்றினால் உலகம் மாறும் என்றார்கள். பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மைக்கின் முன் நின்றபோது தன் லைன் ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசை தெரிந்தது. கிளீனர் மேசையில் வேலை பார்க்கும் பெண்கள் கைகளைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தார்கள். இதுவரை அதை அவள் கவனித்ததில்லை. ஒருத்தி அவளை நேராகப் பார்த்தாள்; பிறகு குனிந்துகொண்டாள்.

"நான் எல்லாத்தையும் மாத்திட்டேன்," என்றாள் இசக்கிசெல்வி. "சோப்பு, ஷாம்பு, துணி சோப்பு, பவுடரு, பினாயிலு, கொசுவர்த்தி. எல்லாத்தையும் மாத்தியாச்சு." நிறுத்தினாள். "மாத்துததுக்கு வீட்ல இனி ஒண்ணுமில்ல."

கைதட்டல் எழுந்தது. பெரிய அதிகாரி அவளிடம் ஓர் அட்டைப்பெட்டியை நீட்டினார். மூலிகை சோப்பும், இயற்கைத் தரைத் துடைப்பானும், துணிப்பையும் இருந்தன. அவள் வாங்கியபோது கேமராக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மேடம், கை ஒரு மாதிரி விழுது. குளோஸப்ல நல்லா இருக்காது."

சந்திரலேகா விரைந்து வந்தாள். பரிசுத் தட்டு ஏந்தி நின்ற பெண்ணின் வெள்ளைப் பருத்திக் கையுறைகளைக் கழற்றி வாங்கி இசக்கிசெல்வியிடம் கொடுத்தாள். புது உறை. தடிமனாக, மெத்தென்று இருந்தது. வெடிப்புகளில் உரசாமல் மெல்ல மாட்டிக்கொண்டாள். எரிச்சல் சட்டென்று அடங்கினாற்போல் இருந்தது.

"சிரிங்க," என்றார் கேமராக்காரர்.

சிரித்தாள். வெளிச்சம் பளிச்சிட்டது.

மேடையை விட்டு இறங்கும்போது சந்திரலேகா கை நீட்டினாள். "கிளவுஸைக் குடுத்துடுங்க செல்வி, கெஸ்ட்டுக்கு இன்னும் தட்டு ஏந்த வேண்டியிருக்கு."

வலது கை உறை விரல் நுனிகளில் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சந்திரலேகா அதை ஓரத்தில் பிடித்து வாங்கினாள். ஈரமாய்ச் சிவந்திருந்த பக்கம் உள்ளே போகும்படி மடித்தாள். கொஞ்சம் யோசித்து, மேடையோரம் வைத்திருந்த பச்சைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். ஷிஃப்ட் மணி அடித்தது.