சலோமி கூப்பிட்ட பெயர்கள்

'பட்சிக்கிற அக்கினியே' என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், இவன் சாம்பல். சலோமி அப்படி நினைத்துக்கொண்டு நின்றாள். எதிரே, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் அழகேசனை ரப்பர் மரத்தோடு கட்டிவைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் தோற்றுப்போய், வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேராத நாட்கள் அவை.

சிடாம் கிரிப் பக்கத்து அந்தத் தோட்டத்தில், சலோமி கடவுளை எந்தப் பெயரால் அழைத்தாளோ அந்த உருவிலேயே அவர் வந்தார். ஜப்பான்காரன் வந்த வருஷம் அது தொடங்கியது. மேய்ப்பரே என்றாள், காணாமல்போன ஆடுகள் திரும்பின, கூடவே பக்கத்து மலாய்க் கம்பத்து ஜைனலின் கிடாவும் வந்துவிட்டதால் அதைக் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. கன்மலையே என்றாள், கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு பாறை எழும்பியது, பெண்கள் அதில் மரவள்ளிச் சீவல் காயவைத்தார்கள். அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாத மாதத்தில் ஜீவ அப்பமே என்றாள். அடுப்படியில் வந்திருந்த அப்பத்தை லயமே பிய்த்துத் தின்றுவிட்டு, அடி கருகிவிட்டதாகக் குறை சொன்னது. காவலுக்கு முனியாண்டி, அம்மைக்கு மாரி என்று கும்பிட்டுப் பழகிய ஜனங்கள் சலோமியிடம் நிறைய சாமிகள் இருப்பதாகவே எண்ணினார்கள். எல்லாம் ஒருவர்தான் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

பிறகு சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஜப்பான்காரன் லாரி வந்தது. ரப்பர் பால் கொட்டகைப் பரணில் ஒளிந்திருந்த அவள் கணவன் தேவசகாயத்தை அழகேசன் காட்டிக்கொடுத்தான். சிப்பாய்கள் தேவசகாயத்தை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் கிடத்தி, குழாயால் வயிறு முட்டத் தண்ணீர் ஏற்றி, அதன்மேல் ஏறி மிதித்தார்கள். மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. அடைக்கலமே என்று சலோமி கூப்பிட்டிருக்கலாம். அவள் வாயில் வந்தது வேறு பெயர். அக்கினி வந்தது. சிப்பாய்கள் நின்ற இடத்திலேயே எரிந்தார்கள். பூட்சுகள் மட்டும் மிஞ்சின. அவர்கள் காலடியில் கிடந்த தேவசகாயமும் எரிந்தான். லாரியில் கை கட்டப்பட்டிருந்த பக்கிரிசாமியும் எரிந்தான். அவன் பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் புருஷன். அழகேசன் சுருட்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மறுநாள் வந்த பட்டாளம் பெட்ரோல் வெடித்ததாக முடிவு செய்து, தோட்டத்துக் கங்காணியின் தலையைச் சீவிவிட்டுத் திரும்பியது.

இப்போது அடித்த அடியில் அழகேசனின் ஒரு கண் மூடிக்கிடந்தது. அவன் சாக வேண்டும் என்பதில் லயத்தில் இரண்டு பேச்சில்லை. ஆனால் பால் வெட்டும் கத்தியில் மனுஷ ரத்தம் படுவதை யாரும் விரும்பவில்லை.

"நம்ம கையில பாவம் வேணாம்லா. ஒன் நெருப்புச் சாமியக் கூப்பிடுக்கா," என்றாள் காளியம்மா. "நாங்க தள்ளி நின்னுக்கிறோம்."

"தங்கச்சி," என்றான் அழகேசன். திறந்திருந்த கண்ணால் சலோமியைப் பார்த்தான்.

எல்லோரும் தீ எட்டாத தூரத்துக்கு ஒதுங்கினார்கள். சிலர் கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டார்கள். சலோமிக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை; வந்திருக்கலாமே என்றுகூடத் தோன்றவில்லை. அந்தப் பெயர் நாக்கின் அடியில் சூடாகக் காத்திருந்தது. கூப்பிட்டால் அவர் வருவார், அதில் சந்தேகமே இல்லை. அன்றைக்கு அவரை அந்த உருவில் வரவழைத்தது தனக்குள் இருந்த எது என்ற கேள்விதான் இத்தனை காலமும் அவளைத் தூங்கவிடவில்லை.

காளியம்மா நெருங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள். "எம்புருசன எரிச்சதுக்கு நான் ஒன்ன ஒரு வார்த்த கேக்கல. இது ஒண்ணு மட்டும் செய்யிக்கா."

"மாட்டேன், காளி," என்றாள் சலோமி, பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் கேட்கும்படி.