காலிக் கட்டத்துக்குப் பச்சை

இதழியல் துறையின் டேட்டா பிரிவுக்காரர்களுக்குத் தரையில் கால் பாவாது. பக்கத்து வகுப்பில் மைக்கைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைகிறவர்களுக்குக் 'குழாயடி நிருபர்கள்' என்று பெயர் வைத்ததே இந்தப் பிரிவின் மாணவியான இவள்தான். போன் போட்டு நாலு பேரை நச்சரிப்பதெல்லாம் மூளை இல்லாதவர்களின் பிழைப்பு என்பது அவள் கட்சி. புள்ளிவிவரச் செய்திக்கு ஏசி அறையும் ஒரு கணினியும் போதுமாம்.

இறுதியாண்டு ப்ராஜெக்டாக, நகரத்தின் எந்த மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் எவ்வளவு இறக்கின்றன என்று வரைபடம் போட்டாள். கூட்டாளிக்குக் 'கலர்' என்று பட்டப்பெயர். படம் பளிச்சென்று இருந்தால் போதும், மற்றதைப் பற்றி அவனுக்குக் கவலை கிடையாது. இறப்பு கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை. ஆற்றங்கரை மருத்துவமனை மட்டும் கரும்பச்சையில் ஜொலித்தது. 'ஒரு குழந்தைகூட இறக்காத மருத்துவமனை' என்று தலைப்புக் கொடுத்தவள் இவள். நாளிதழ் ஒன்று அதை முதல் பக்கத்தில் போட்டது, பல்கலைக்கழகம் பரிசு அறிவித்தது. தொலைக்காட்சியில் செய்தி வாசித்துவிட்டுப் பேராசிரியரான மனிதர், படத்தைத் தானே வரைந்த மாதிரி பூரித்துப்போனார்.

பரிசளிப்பு விழாவன்று காலை, மேடையில் காட்டுவதற்காக, அதுவரை கலர் மட்டுமே கையாண்ட மூலக் கோப்பை முதல்முறையாகத் திறந்தாள். ஆற்றங்கரை மருத்துவமனையின் கட்டம் காலியாக இருந்தது. அவர்கள் கணக்கே அனுப்பவில்லை. கலரைப் பிடித்துக் கேட்டாள்.

"காலின்னா பூஜ்யம்தானே?" என்றான் கலர், கண்ணாடியில் தலையைச் சீவியபடி. "படத்துல ஓட்டை மாதிரி அசிங்கமா தெரிஞ்சுது. அதான் நிரப்பிட்டேன்."

முட்டாள் என்று மனதுக்குள் வைதுகொண்டே பேராசிரியரின் அறைக்கு ஓடினாள். அவர் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"விழா முடியட்டும்மா. அடுத்த வாரம் சின்னதா ஒரு திருத்தம் போட்டுடலாம். இப்ப யாருக்கு என்ன நஷ்டம்?"

தூ, இவரெல்லாம் ஒரு ஆசிரியர் என்று நினைத்தபோதே அவள் போன் அடித்தது. அக்கா. நிறைமாதம்.

"நீ எழுதினதைப் பாத்துட்டு உங்க மாமா என்னை ஆத்தங்கரை ஆஸ்பத்திரிக்கே மாத்திட்டாரு. அட்மிஷனுக்கு உக்காந்திருக்கோம்."

"அக்கா, அங்க சேராதே. அந்தக் கணக்கு தப்பு."

"தப்புன்னா? இங்க நிறைய குழந்தைங்க சாகுதா?"

"தெரியாது. அவங்க கணக்கே குடுக்கல. நாங்கதான் பூஜ்யம்னு போட்டுட்டோம்."

"இங்க ஒரு போன் போட்டுக் கேக்க வேண்டியதுதானே?"

"எங்க பிரிவுல அப்படியெல்லாம் கேக்கற வழக்கம் இல்லக்கா."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவளுக்கே உறைத்தது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாங்க பழைய ஆஸ்பத்திரிக்கே போயிடுறோம். இந்த பெஞ்ச் முழுக்க வயித்துப் பிள்ளைக்காரங்க. பக்கத்துல இருக்கிற பொண்ணு ராத்திரியெல்லாம் பஸ்ல வந்திருக்கா, உன் படத்தைப் போன்ல வெச்சுக்கிட்டு. என் தங்கச்சிதான் போட்டான்னு பெருமையா வேற சொல்லித் தொலைச்சுட்டேன். இப்ப இவங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படி எந்திரிச்சுப் போறது?"

அவள் பையை எடுத்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே? மேடைக்குக் கூப்பிடற நேரம்," என்றார் பேராசிரியர்.

"ஆஸ்பத்திரிக்கு, சார். பரிசைக் கலரே வாங்கிக்கட்டும்."

படியிறங்கும்போது, 'நீயே சொல்லிடு' என்று அக்கா போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். "நீங்கதானா அது?" என்றது களைத்த குரல். "ரொம்ப நன்றிங்க. எனக்கு முதல் ரெண்டும் தங்கல."