களைப்பேறிய கைப்பேசி

மடிப்புக்காரியின் கைப்பேசி பேருந்தில் களவு போனபோது அவளுடைய களைப்பும் அதோடு சேர்ந்து போய்விட்டது. திருடியவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதாக இருந்தான், இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. வண்டி பணிமனைக்குப் போய், கழுவப்பட்டு, மறுநாள் காலை திரும்பப் புறப்பட்டபோதும் அதே இருக்கையில் வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதல் காரியமாகச் சிம்மைக் கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். அதற்கு ஒரு சின்ன ஊசி வேண்டும். ஊசி அவனுடைய சட்டைப்பையிலேயே இருந்தது. அதை எடுக்கத்தான் கையில் தெம்பில்லை.

மடிப்புக்காரி என்று ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் அழைத்தார்கள். சலவைக்கூடத்தில் உலர்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து நடுவில் சந்தித்து, மூலையோடு மூலை சேர்த்து, மறுபடி விலகிப்போய் அடுத்த விரிப்பை எடுக்க வேண்டும். இப்படி ஒரே அறைக்குள் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் கடலே குறுக்கிட்டிருக்கும். புருஷன் செத்த பிறகு ஒரு நாள்கூட அவள் அசந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்ற பயம் அவளுக்கு. அந்தக் களைப்பெல்லாம் கைப்பேசிக்குள் எப்படி ஏறியது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர் இல்லை. ஈரத்துணியைச் சுவரில் சாய்த்து வைத்தால் சுவரும் ஈரமாவதில்லையா, அப்படித்தான் என்றாள் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் எதிர்முனைக்காரி. அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

களவு போன மறுநாள் அவள் கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்திருந்தன. விரிப்பின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் போனதால் மூலைகள் பொருந்தவில்லை. தரையில் நின்று வேலை பார்க்கும்படி மேற்பார்வையாளர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார், பிறகு எதிர்முனைக்காரிக்கு ஒரு மரப்பலகை கொண்டுவந்து போட்டார். "ஒரு சாண் ஒசந்துட்டே, இனிமே எங்களையெல்லாம் எங்கே மதிக்கப்போறே" என்று எதிர்முனைக்காரி கேலி செய்தாள். மடிப்புக்காரி சிரித்தாள். சிரிக்கத் தெம்பிருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டுமே என்று மனதுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அப்பா மட்டும் இல்லையென்றால் அப்படியே விட்டிருப்பாள்.

அப்பா பள்ளிக்கூடத்தில் மணியடித்தவர். வேலையை விட்டு ஓய்வு பெற்றதும் ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தார். தெருப்பெயர் மறந்தது, பெண்டாட்டி செத்தது மறந்தது, சாப்பிட்டது மறந்தது. மகளின் எண் மட்டும் மறக்கவில்லை. மணிக்கொரு தரம் தன்னுடைய பழைய பொத்தான் போனில் அந்த எண்ணை அழுத்தி, "எங்கேம்மா இருக்கே?" என்று கேட்பார். "வேலையா இருக்கேன்பா, அப்புறம் பேசுறேன்" என்று அவள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கியபடி சொல்லிவிட்டு, விரிப்பைக் கீழே விடாமலே துண்டித்துவிடுவாள். மணியடித்த கை சும்மா இருக்காது என்று சலவைக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவள் எடுக்காவிட்டால் மட்டும்தான் ஆபத்து. களவு போன அன்று மகளைத் தேடி வீட்டைவிட்டு இறங்கியவர், லாரிகள் திரும்பும் முச்சந்தியின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்து விட்டார்கள். மறுநாளிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போது அவள் வெளிப்பக்கம் பூட்டுப் போட்டாள். பூட்டும்போது உள்ளேயிருந்து அவர் மெதுவாக, "யாரு?" என்று கேட்பார். பெற்ற அப்பனைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறவளை எந்த நரகத்தில் சேர்ப்பார்கள் என்று நினைத்தபடி, கால் தரையில் படாமல் அவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள்.

புது எண் வாங்கிப் பயனில்லை. அவர் விரல் பழைய எண்ணைத்தான் அழுத்தும். அதே எண்ணை மறுபடி வாங்கலாமென்று கடைக்குப் போனால், இணைப்பு புருஷன் பெயரில் இருப்பதால் அவரே நேரில் வரவேண்டும் என்றார்கள். அவர் செத்துப் பல வருஷமாகிறது என்றாள். அப்படியானால் கொஞ்சம் சிரமம்தான் என்றார்கள். காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டார்கள், வாங்கிக்கொண்டதோடு சரி. எதிர்முனைக்காரியின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தால், ஒன்று அடித்து அடித்து ஓய்ந்தது, இல்லையென்றால் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. அது மட்டுமல்ல, மாலையில் வீட்டுக்கு வந்தால் அப்பா அமைதியாக உட்கார்ந்திருந்தார். "நீங்க கூப்பிட்டப்ப என்னால எடுக்க முடியலைப்பா" என்றால், "பேசிட்டுத்தானே இருந்தேன்" என்றார். பேசியது எது, பேசாதது எது என்பதும் மறந்துபோயிற்றா என்று நினைத்தபடி அவருக்குச் சோறு போட்டாள்.

கடைசியில், போன் போன வழியெல்லாம் விட்டுச் சென்ற கொட்டாவிகளைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தேடிப்போனாள். அவள் வழக்கமாகப் போகும் பேருந்தின் நடத்துநர், இறக்கிவிட முடியாத பயணி ஒருவனைப் பற்றிச் சொன்னார். பணிமனைக் காவலாளி, அவன் தட்டுத் தடுமாறி எதிர்ச்சாரியில் இருக்கும் போன் பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்ததைச் சொன்னார். படுத்துக்கொள்ள ஒரு ஓரம் கொடுத்தால் போதும் என்று போனைக் கொடுத்துவிட்டு, கடையின் பின்பக்கம் தூங்கி எழுந்து, தொழிலையே விட்டுவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனானாம் அவன். கடைக்காரருக்கு இன்னும் கண் முழுதாகத் திறக்கவில்லை.

"அந்த போனா? ஐயோ அக்கா, அது கடையில இருந்த வரைக்கும் ஒரு ஸ்குரு கழட்டலை நான். வர்றவங்க போறவங்க எல்லாம் அப்படியே சாய்ஞ்சுட்டாங்க. ரயில் ஓட்டுன ஐயா ஒருத்தர் இருக்காரு, தூக்கமே கிடையாது, பகலெல்லாம் தெருத்தெருவா நடப்பாரு. கையில எடுத்துப் பார்த்தாரு, ஸ்டூல்ல உட்கார்ந்தாரு, குறட்டை விட்டாரு. எழுந்ததும் விலைகூடக் கேக்கலை, எடுத்துட்டுப் போயிட்டாரு."

ரயில் ஓட்டியவரின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் கண்ணை மூடக் கூடாது என்று தன்னைப் பழக்கியவர். ஓய்வு பெற்ற பிறகு இமைகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கன்னத்தில் தலையணைத் தடத்தோடு கதவைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலுக்கும் வாசற்படிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார்.

"உங்களுதுதானாம்மா அது? எப்படித்தான் இதைச் சுமந்தீங்க?" என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரிக் கெஞ்சினார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டுடுங்களேன். இந்த மாதிரி நான் தூங்கினதே இல்லை."

"எனக்கு போன் வேணாங்கய்யா. எங்கப்பா கூப்பிட்டா எடுக்க ஆள் வேணும்."

"அவர் கூப்பிட்டா மட்டும் எனக்கு முழிப்பு வந்துடும். நான்தான் எடுக்கறேன். எங்கே கொண்டுவந்து குடுக்கணும்னு கேட்டா, அவருக்கு வீடு எங்கேன்னு தெரியலை" என்றார் அவர். கொஞ்சம் தயங்கினார். "அது பாதி பொய்தான். ஒரு தடவைதான் கேட்டேன். அப்புறம் கேக்கலை."

என்ன பேசுவார் என்று அவள் கேட்டாள். கேட்கும்போது அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அவளிடம் ஒரு வரிக்கு மேல் பேசாத அப்பா, முகம் தெரியாத இந்த மனிதரிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்.

"உங்களைப் பத்தித்தான். முதல் தடவை, எம்பொண்ணு எங்கேன்னார். வேலையா இருப்பாங்கன்னேன். ஐயய்யோ, அப்ப நிறுத்தியிருக்க மாட்டாளேன்னு பதறிட்டார்." ரயில் ஓட்டியவர் அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "'அது சின்ன வயசுலேயே அப்படித்தான் சார், எடுத்த வேலையை வெக்காது. மணி அடிச்சாத்தானே பிள்ளைங்க வெளியே வரும்? அதான் அடிக்கறேன். போன் எடுக்கற நேரமாச்சும் உட்காருமில்ல? அதுகிட்ட சொல்லிடாதீங்க, திட்டும்'னார்."

மடிப்புக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் ஒரு தரம்கூட விரிப்பைக் கீழே வைத்துவிட்டு அந்த போனை எடுத்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அழுதாள். ரயில் ஓட்டியவர் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளறையில் போன் அடித்தது. அவர் போய் எடுத்து வந்து, தலையணைக்கு ஏங்கும் கண்களோடு அதை அவளிடமே நீட்டினார். வாங்கியதும் அவள் குதிகால்கள் தரையில் மோதின. கழுத்தில் இறங்கிய களைப்பு முதுகு வழியாக முழங்கால் வரைக்கும் போய், தன்னுடைய பழைய இடங்களிலெல்லாம் ஒவ்வொன்றாக உட்கார்ந்தது.

"எங்கேம்மா இருக்கே?"

"இங்கேதான்பா." நாற்காலியை இழுத்தாள். "உட்கார்ந்திருக்கேன்."

"உட்கார்ந்திருக்கியா? சரி சரி. வெக்கட்டுமா?"

"வேணாம்பா. பேசுங்க."

அன்றே பூட்டைத் தூக்கிப் போட்டாள். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் சலவைக்கூடத்தில் அந்த போன் அடித்தால் விரிப்புகள் பாதி மடிப்பில் நின்றுவிடும். இரண்டு பெண்களும் அழுக்குமூட்டை மேல் உட்காருவார்கள். மேற்பார்வையாளரும் ஏதாவது ஒரு மூட்டையாகப் பார்த்து உட்காரப் பழகிவிட்டார். அவளுடைய விடுமுறை நாளில் ரயில் ஓட்டியவர் வந்துவிடுவார். கூடத்து நாற்காலியில் சாய்ந்து, போனை மார்மேல் வைத்துக்கொண்டு, மாலை வரை தூங்குவார். வீட்டுக்கு வந்த விருந்தாளி தூங்கிக்கொண்டே இருப்பதாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் மடிப்புக்காரி, கால்கள் மறுபடி ஒரு சாண் உயர்ந்திருக்க, ஸ்டூல் போடாமலே மின்விசிறி இறக்கைகளைத் துடைப்பாள், பரண்மேல் ஒட்டடை அடிப்பாள்.

பிறகு அப்பாவுக்கு அந்த எண்ணும் மறந்துபோனது. ஒரு விடுமுறை நாளில் அவர் அண்ணாந்து, மின்விசிறிக்குக் கீழே தரையில் கால் படாமல் துணியும் கையுமாக நின்ற பெண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

"யாரு பெத்த பொண்ணோ, எவ்வளவு நேரமா நிக்குது" என்றார். "கொஞ்சம் உட்காரும்மா."

அவளுக்குக் களைப்பே இல்லை. இருந்தாலும் இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.