வளைவில் திரும்பாத படகு

மோட்டாரும் தண்டும் ஒரே கோட்டில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தன. சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, கை நீளத்து ரிமோட் படகை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் ஆடாமல் நிறுத்தியிருந்தான் அவன். திருகை அரைச் சுற்று தளர்த்துவான், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பான், மறுபடி இறுக்குவான். பின்னால் இருக்கும் புரொப்பல்லரை விரலால் தட்டிவிட்டால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். அது ஒரே ஓர் இடத்தில் வந்து லேசாக முரண்டு பிடித்தது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு திரும்பியது. அவன் கை நின்றுவிட்டது.

"கியரைக் குறைக்காமலே வளைக்கிறான். வண்டி என்னத்துக்கு ஆகும்."

அடுப்படியில் நின்ற மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. "அவன் வண்டிய அவன் பாத்துக்குவான். நீங்க உங்க வண்டியப் பாருங்க."

போன வருஷம்வரை அந்த ஆம்புலன்ஸை ஓட்டியவன் அவன்தான். இவன் வாய் இருக்கும்போது வண்டிக்குத் தனியாகச் சைரன் எதற்கு என்று ஒரு நர்ஸ் கேலி செய்யப்போய், ஆஸ்பத்திரி முழுக்கச் சைரன் என்பதே அவன் பேராகிவிட்டது. ஒரு நாள் பச்சை விளக்கு விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் நோயாளியோடு இருந்த அதே நர்ஸ் கண்ணாடியைத் தட்டினாள், பிறகு ஓங்கிக் குத்தினாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான், கண் திறந்திருந்தது, ஆனால் ஆள் அங்கே இல்லை. சில நொடிகள்தான். வலிப்பில் இது ஒரு வகை, கை கால் இழுக்காது, மூளைக்குள் சின்னதாகக் கரண்ட் போய் வரும் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்டியரிங்கைத் தொடாதே, ஏணி ஏறாதே, தனியாகத் தண்ணீரில் இறங்காதே என்றார். ஒரு வருஷம் திரும்ப வராமல் இருந்தால் மறுபடி வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பார்க்கலாம் என்றார்.

அவனை ஆக்சிஜன் சிலிண்டர் கிடங்கில் போட்டார்கள். அங்கே உட்கார்ந்திருப்பதுதான் வேலை. உட்காரத்தான் அவனுக்கு வரவில்லை. இந்தச் சுவரோரம் இருந்த சிலிண்டர்களை அந்தச் சுவரோரம் உருட்டுவான், சாயங்காலத்துக்குள் திரும்ப இங்கேயே உருட்டுவான். ஏதோ குழாய் கேட்டு வந்த ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் இந்தக் கூத்தை வாசலில் நின்று பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஏரியில் ரிமோட் படகுப் பந்தயம் விடுகிற கூட்டத்தில் அவர் ஒருவர். "ஒரு தடவ வந்து பாருங்க சைரன்," என்றார். போனான். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் சீறிக்கொண்டு போன படகுகளோடு அவன் கண்ணும் ஓடியது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவன் கால் ஆடாமல் ஓரிடத்தில் நின்றது.

அன்றிலிருந்து வீடு பட்டறையானது. உப்புத்தாள் தூள் தட்டில் விழுந்தது, படுக்கையில் விழுந்தது. தண்ணீர் உள்ளே போகாமல் துளைகளை அடைத்தான், அப்படியே போனாலும் முழுகாமலிருக்க மூக்குப் பகுதிக்குள் தெர்மோகோல் திணித்தான். மோட்டார் சூடாகாமலிருக்க ஏரித் தண்ணீரையே மெல்லிய குழாயில் உள்ளே இழுத்து, அதைச் சுற்றவிட்டு, பக்கவாட்டுத் துளை வழியே பீச்ச வைத்தான். சுக்கானைப் பொருத்த வேண்டிய நாளில், சில நிமிஷத்தில் இறுகிவிடும் பிசினையும் கெட்டியாக்கியையும் ஒரு மூடியில் கலந்து குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தான். அடுத்து அவனுக்குத் தெரிந்தது, குச்சி பசையில் குத்திட்டு நின்றது. மூடியைக் கவிழ்த்தாலும் விழவில்லை.

"என்னங்க, அதுக்குள்ள காஞ்சிருச்சு?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மட்டமான பசை. நாளைக்கு வேற வாங்கணும்."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் குச்சியையே பார்த்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அவன் வேலை செய்யும்போது தன் துணி மடிக்கும் வேலையை எதிர் நாற்காலிக்கு மாற்றிக்கொண்டாள். அவனுக்கு எரிச்சலாக இருந்தது. காவல் காக்கிறாயா என்ற கேள்வி வாய்வரை வரும். கேட்டால் அவளும் பதிலுக்கு ஏதாவது கேட்பாளே என்று மென்று விழுங்கிவிடுவான்.

முதல் வெள்ளோட்டத்தில் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பி, காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு மல்லாந்தது. பேட்டரியை நான்கு விரற்கடை முன்னால் தள்ளச் சொன்னார் பல் டாக்டர். தள்ளினான். அடுத்த ஞாயிறு பந்தயம். அதற்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பரிசோதனை. ஒரு வருஷம் முடிகிறது.

ஏரிக்கு மனைவிதான் கார் ஓட்டினாள். அவனுக்கு இப்படி ஆன பிறகு கற்றுக்கொண்டவள். பக்கத்து இருக்கையில் அவன் வலது கால், இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தது. "காலை மடக்கி வைங்க, எனக்குப் பதட்டமாவுது," என்றாள். மடக்கினான். அடுத்த வளைவில் அது தானாக நீண்டது.

ஆறு படகுகள் ஒன்றாகக் கிளம்பின. சிவப்பு மிதவைகளை வலப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். ரிமோட் கைப்பிடியின் விசையை அவன் விரல் முழுக்க அழுத்தியபோது, அவன் கட்டிய அந்த மஞ்சள் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. பக்கவாட்டில் வெள்ளிக் கம்பிபோலத் தண்ணீர் பீச்சியது. முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தான். இரண்டாவது சுற்றில் பல் டாக்டரின் நீலப் படகை உள்வளைவில் ஒட்டினாற்போல் முந்தினான். "அடப்பாவி," என்று டாக்டர் சிரித்தது காதில் விழுந்தது. உடம்பு முழுக்க, விரல் நுனிவரை, அவன் அவனாக இருந்தான்.

அப்புறம் யாரோ கத்தினார்கள்.

எதிர்க்கரை நாணலுக்குள் மஞ்சளாக எதுவோ செருகிக்கொண்டு கிடந்தது. மோட்டார் இன்னும் வெறியோடு இரைந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு அடி தள்ளி, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றிருந்தார். தூக்கிய காலைக் கீழே வைக்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. தன் விரல் விசையை முழுதாக அழுத்திக்கொண்டிருப்பதை அவன் அப்போதுதான் பார்த்தான். எடுத்தான். இரைச்சல் நின்றது.

"சிக்னல் கட்டாயிடுச்சு டாக்டர்," என்றான்.

"சிக்னல் போனா மோட்டார் தானா நின்னிருக்குமே. அப்படித்தானே செட் பண்ணினோம்," என்றார் பல் டாக்டர், தன் படகிலிருந்து கண்ணை எடுக்காமல். "சரி, கரையில ஓட்டைத் தோணி ஒண்ணு கெடக்கும். போய் எடுத்துட்டு வாங்க, பாப்போம்."

தோணியில் அவன் முதலில் ஏறப் போனான். மனைவி அவன் முழங்கையைப் பிடித்து முன்பக்கம் உட்காரவைத்துவிட்டு, தானே துடுப்புகளை எடுத்துக்கொண்டாள். அதற்கு முன் அவள் துடுப்பைத் தொட்டதில்லை. பாதி ஏரிவரை தட்டுத்தடுமாறி வலித்தாள்.

"நான் படகப் பாக்கல," என்றாள் பிறகு. "அது எனக்கு வெறும் தண்ணித் தெறிப்பாத்தான் தெரியுது. உங்களத்தான் பாத்துட்டிருந்தேன்."

அவன் நாணலைப் பார்த்தான்.

"எல்லாரு கண்ணும் படகோட திரும்புச்சு. உங்க கண்ணு திரும்பல." மூக்குக் கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு நேரே நின்று அளவெடுக்கிறவள் அவள். "அன்னிக்குப் பசை காஞ்சுதே, அதுவும் இதானா?"

"ம்."

"வேற?"

"ஒரு தடவ. குளிக்கும்போது."

துடுப்பு நின்றது. "தாழ்ப்பாள் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோணி தன் போக்கில் மிதந்துபோய் நாணலில் முட்டியது. தூண்டில்காரர் ஒன்றும் திட்டவில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு இன்னும் தள்ளிப்போய் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. குனிந்து படகை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். மூக்கு பிளந்திருந்தது. உள்ளே சூடேறியிருந்த தண்ணீர் அவன் தொடையில் வழிந்தது. மூடியைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர், மறுபடி வந்துச்சான்னு கேப்பாரு," என்றாள் அவள்.

"கேப்பாரு."

"என்ன சொல்லப் போறீங்க?"

"அந்தக் கிடங்குல இன்னும் ஒரு வருஷம் உக்காந்தேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்டி."

"நான் அதக் கேக்கல."

அவன் பிளந்த மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தினான்; விட்டதும் அது திரும்ப வாய் திறந்தது. அவள் துடுப்புகளைத் தூக்கி இழுத்தாள். வலது கைக்கு வேகம் அதிகம். தோணி நேராகப் போகாமல் நடு ஏரியில் சுற்றத் தொடங்கியது. கரையில் பல் டாக்டர் எதையோ கத்திக் கையை ஆட்டுவது ஒரு சுற்றில் தெரிந்தது, அடுத்ததில் நாணல், அடுத்ததில் திரும்பவும் டாக்டர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுத்தாள்.