வருகைப் பதிவில் மூன்று கையெழுத்துகள்

ஆபிரிக்க நாடுகளில் பாதுகாப்பான கருக்கலைப்பு எல்லாப் பெண்களுக்கும் எட்ட வேண்டும், சட்டங்களைத் தளர்த்துங்கள் என்று அரசுகளுக்கு எழுதுவதுதான் டென்மார்க்கின் ஓகூஸ் நகரிலுள்ள ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில் சுஜாந்தினியின் வேலை. எழுதுவாள். எழுதியதைப் பற்றிக் கூட்டம் வைப்பாள். கூட்டத்தைப் பற்றி அறிக்கை எழுதுவாள். அறிக்கைக்கும் ஒரு கூட்டம் உண்டு. அதற்குக் கேக் வரும்.

மாசியிலிருந்து அவளுக்குக் கேக் இறங்குவதில்லை. கண்ணை மூடினால் ஒரு கையெழுத்துத் தெரிகிறது. நீல மை, நீண்ட வால்.

மேற்கு ஆபிரிக்காவில், ஒரு மாவட்ட மருத்துவமனை டொக்டரின் கையெழுத்து அது. அங்கே கருக்கலைப்புக்கு இரண்டு டொக்டர்கள் ஒப்பமிட வேண்டும். பத்தொன்பது வயது எசி போனபோது ஒருவர்தான் இருந்தார். மற்றவர் தலைநகரத்து ஹோட்டலில், சுஜாந்தினி நடத்திய மூன்று நாள் பயிலரங்கில் இருந்தார். தலைப்பு: ‘தடைகளை நீக்குவோம்’. எசி இரண்டு நாள் மருத்துவமனை வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். பிறகு எழுந்து, கருவைக் கலைக்க வேறு யாரிடமோ போனாள். செத்துப்போனாள். அவளுக்கு வேண்டியிருந்த கையெழுத்து, மூன்று நாளும் காலை ஒன்பது மணிக்கு, இவர்களுடைய வருகைப் பதிவில் தவறாமல் விழுந்திருந்தது.

இன்று ஓகூஸில் அந்த நாட்டு விருந்தினர்களோடு வட்டமேசை. சுஜாந்தினி அங்கே வாசிக்க வேண்டிய அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள்: நடந்தது இது, ஆகவே இரண்டாம் கையெழுத்து வேண்டாம், பிரசவம் பார்க்கும், பயிற்சி பெற்ற மருத்துவமாதே செய்யலாம்.

இயக்குநர் கஜதீபன் வாசலில் மறித்தார். டென்மார்க்கிலேயே, வைலே நகரில் வளர்ந்தவர்; அலுவலகத்தில் பேசுவது டேனிஷ்தான். மறைக்க ஏதும் இருந்தால் மட்டும் தமிழ் வரும்.

“தங்கச்சி, ஏழாம் பக்கத்தை எடுத்துப்போட்டன்.”

“ஏன் அண்ணை?”

“அந்தப் பிள்ளையின்ர கதை முன்னுரையிலை இருக்கு. நல்லா எடுபடும். அதுக்குள்ளை எங்கட பயிலரங்கு ஏன்?”

“டொக்டர் அங்கைதானே இருந்தவர்.”

“திறமான மனுசன். பின்னூட்டத்திலை அஞ்சுக்கு அஞ்சு போட்டவர்.”

“ஓம். எசியிட்டை ஒருத்தரும் பின்னூட்டம் கேக்கேல்லை.”

“விசர்க்கதை கதையாதை. ‘கையெழுத்து நடைமுறையை மீளாய்வு செய்யலாம்’ எண்டு வடிவா எழுதியிருக்கிறன். சிரிச்சுக்கொண்டு வாசி.”

உள்ளே கஜதீபன் இருபது நிமிடம் வரவேற்றார். பெண்களின் குரலைக் கேட்பது பற்றி அவர் பேசி முடிக்கும்வரை ஒரு பெண்ணுக்கும் பேச இடம் கிடைக்கவில்லை. அதற்குள் வருகைப் பதிவு மேசையைச் சுற்றி வந்தது. சுஜாந்தினியின் கைக்கும் வந்தது.

நீல மை. நீண்ட வால். மை இன்னும் காயவில்லை.

அந்த டொக்டர் எதிரே இருந்தார். அஞ்சுக்கு அஞ்சு போட்டவரை மறுபடி கூப்பிடாமல் விடுவார்களா?

சுஜாந்தினி எழுந்தாள். பையிலிருந்து தன் பழைய ஏழாம் பக்கத்தை எடுத்து, ஒரு சொல் விடாமல் வாசித்தாள். டொக்டர் மெல்லத் தலை குனிந்தார்.

“டொக்டர், இன்றைக்கு உங்கள் மருத்துவமனையில் யார் ஒப்பமிடுவார்கள்?”

அவர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இருந்தது அவருடைய மருத்துவமனையின் மற்ற டொக்டர். போனமுறை விடுபட்டுப்போனதால், பாரபட்சம் கூடாதென்று கஜதீபனே அழைத்திருந்தார்.

“தங்கச்சி,” என்றார் கஜதீபன் தமிழில், “கேக்கைக் கொண்டுவரச் சொல்லு.”

தலை குனிந்திருந்த டொக்டர் தொலைபேசியை மேசையில் வைத்து, தன் மருத்துவமனையை, எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தார். நெடுநேரம் மணி அடித்தது. தாதி எடுத்தாள்.

“வாங்கில் யாரும் இருக்கிறார்களா?”

“ஒரு பிள்ளை, டொக்டர். நேற்றிலிருந்து.”